மைதானத்துக்கு வராத 31 பேர்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். திருகோணமலையில் கட்டடப் பொருள் விநியோகிக்கும் நிறுவனம், 45 பேர் வேலை. பாதிப்பேர் கணக்கும் பில்லும் பார்ப்பவர்கள், மீதிப்பேர் களஞ்சியத்திலும் லொறியிலும். ஊழியர்களிடையே உடற்பயிற்சியையும் விளையாட்டையும் வளர்க்கும் பொறுப்பை முதலாளி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். போன வருடம் ஏகாம்பரம் மைதானத்தில் மென்பந்துக் கிரிக்கெட் வைத்தீர்கள். 14 பேர் வந்தார்கள், ஒரு பெண்கூட இல்லை, ஒருவருக்குக் குதிக்கால் போனதுதான் மிச்சம். இந்த வருடம் ஜிம்முக்குக் காசு கட்டுவதா, ஃபோனில் அடி எண்ணும் போட்டி வைப்பதா, திரும்பவும் கிரிக்கெட்டா என்று கேட்கிறீர்கள். அந்த 14 பேருக்கு உங்கள் உதவி தேவையில்லை, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் எங்கேயாவது ஆடுவார்கள். வராத 31 பேரை என்ன செய்வது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் இயன்மருத்துவர், ஊரில் எல்லோரும் பிசியோ மிஸ் என்பார்கள். பல வருடமாக இங்கே நாரி, முழங்கால், தோள்மூட்டு என்று பார்த்து வருகிறேன். அதனால் என் பார்வை ஒரு பக்கம் சாய்ந்தது. விளையாடிவிட்டுச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் என்னிடம் வருவதில்லை, விழுந்தவர்தான் வருகிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். நிர்வாகமும் சட்டமும் என் துறை அல்ல, அவற்றைத் தொடும் இடங்களில் வேறு ஆளிடமும் கேளுங்கள்.

முதலில் சந்தேகமில்லாதவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டல்படி, வளர்ந்த ஒருவருக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேக உடல் அசைவு தேவை. நன்றாக மூச்சு வாங்குகிற அளவுக்குக் கடுமையானது என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். அதோடு கிழமையில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். நடுத்தர வேகத்தை அறிய கருவி எதுவும் வேண்டாம்: நடந்தபடி கதைக்கலாம் ஆனால் பாட வராது என்றால் அதுதான் அந்த வேகம். முன்னைய வழிகாட்டலில் ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடம் செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020 இல் அதை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் படியேறினாலும் சேரும். கந்தோரில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை, ஆனால் சுவரில் ஒட்டும் போஸ்டர்களில் இதை யாரும் போடுவதில்லை.

எங்கள் உடம்புக்கென்று ஒரு கணக்கும் இருக்கிறது. தெற்காசியருக்கு வெள்ளைக்காரரைவிடக் குறைந்த எடையிலேயே சுகர் வருகிறது. அதனால்தான் இடுப்புச் சுற்றளவின் எல்லை ஐரோப்பிய ஆணுக்கு 94 சென்ரிமீற்றர் என்றால் எங்கள் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80. இலங்கையில் நடக்கும் பத்து மரணங்களில் எட்டு அளவில் இதயநோய், சலரோகம், புற்றுநோய் போன்ற தொற்றாநோய்களால்தான். கதிரையில் எட்டு மணித்தியாலம் இருக்கும் 38 வயது பில்லிங் கிளார்க் மெலிந்த ஆளாகத் தெரியலாம். அதை வைத்து அவருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்ட முடியாது.

இனி, இந்தத் துறையே எங்கிருந்து தொடங்கியது என்று பார்த்தால் உங்கள் 14 பேரின் கதை விளங்கும். 1953 இல் ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க இருந்தபடி ஓட்டும் சாரதிகளைவிட, மேலும் கீழும் ஏறி இறங்கி ரிக்கெற் கொடுக்கும் கொண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று கண்டார். வேலைத்தலத்தில் அசைவு ஏன் முக்கியம் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் காட்டும் உதாரணம் இது. ஆனால் அதே மொரிஸ் சில வருடங்களில் சீருடை தைக்க எடுத்த அளவுகளைக் கிண்டிப் பார்த்தார். இளம் வயதிலேயே சாரதிகளின் காற்சட்டை இடுப்பு கொண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. அப்படியானால் படியேறியதால் கொண்டக்டர் நலமாக இருந்தாரா, நலமாக இருந்தவர் கொண்டக்டர் ஆனாரா? இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அசைவு இதயத்துக்கு நல்லது என்பதைப் பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகள் உறுதிப்படுத்திவிட்டன. ஆனால் வேலைத்தலத் திட்டங்களைப் பற்றி யார் எந்த எண்ணைக் காட்டினாலும் இந்தக் காற்சட்டைக் கேள்வியை நான் கேட்பேன். வந்தவர்கள் ஏற்கெனவே எப்படிப்பட்டவர்கள்?

2019 இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேராகவே சோதித்தது. ஒரு பெரிய மொத்த விற்பனைக் கடைத்தொகுதியின் 160 கிளைகள், ஏறத்தாழ 33,000 ஊழியர்கள். குலுக்கல் முறையில் சில கிளைகளுக்கு மட்டும் உணவு, உடற்பயிற்சி, மன அழுத்தம் பற்றிய திட்டத்தைக் கொடுத்தார்கள். 18 மாதம் கழித்து, அந்தக் கிளைகளில் தாங்கள் ஒழுங்காக உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்களின் தொகை கூடியிருந்தது. இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், எடை, லீவு நாட்கள், வைத்தியச் செலவு எதிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே "இந்தத் திட்டத்தால் சுகயீன லீவு குறையும், காசு மிச்சமாகும்" என்று முதலாளிக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வருட முடிவில் அவர் அந்தக் கணக்கைக் கேட்பார், உங்களிடம் இருக்காது. ஆக்கள் கொஞ்சம் கூட அசைவார்கள், கந்தோரில் முகங்கள் கொஞ்சம் மலரும் என்று மட்டும் சொல்லுங்கள். அவ்வளவுக்கு ஆதாரம் இருக்கிறது.

அந்த 31 பேர் ஏன் வரவில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது லேசு. மூதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண் கணக்கு உத்தியோகத்தர் தோள்மூட்டு இறுகி என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், சுகரும் இருந்தது. கையைத் தூக்கும் பயிற்சிகளைக் காட்டிவிட்டு, வழமைபோல, "நாளுக்கு ஒரு முப்பது நிமிசம் நடவுங்கோ" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "எந்த முப்பது நிமிசம் மிஸ்?" என்று கேட்டார். பிறகு விரல் மடித்துச் சொன்னார்: விடிய நாலரைக்கு எழும்பிச் சமையல், பிள்ளைகளுக்கும் கணவருக்கும் மத்தியானச் சாப்பாடு கட்டல், பஸ், கந்தோர், திரும்பவும் பஸ், வீட்டுக்குப் போக ஆறு மணி, பிறகு இரவுச் சமையல், பிள்ளைகளின் பாடம். கந்தோரில் இடையில் எழும்பி நடக்கலாமே என்றேன். "கதிரையில் ஆள் இல்லையென்றால் எங்கே போய்விட்டாள் என்று கேட்பார்கள்" என்றார்.

நான் சொல்ல வந்தது முழுக்க அந்த இரண்டு பதில்களுக்குள் இருக்கிறது. நேரமும் இல்லை, எழும்ப அனுமதியும் இல்லை. வேலை முடிந்தபிறகு வைக்கும் எந்த நிகழ்ச்சியும், ஞாயிறு காலை வைக்கும் எந்தப் போட்டியும், வீட்டில் இன்னொருவர் சமைத்து வைக்கும் ஆக்களுக்கே பொருந்தும். உங்கள் 14 பேரும் ஆண்களாக இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆகவே முதலாளியிடம் கேட்க வேண்டியது காசு அல்ல, சம்பள நேரத்துக்குள் கொஞ்ச நேரம். கிழமைக்கு மூன்று நாள், 20 நிமிடம். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 இலிருந்து சொல்லும் கிழமைக்கு 45 மணித்தியாலத்தில் இது ஒரு மணித்தியாலம், நூற்றுக்கு இரண்டு சொச்சம். அந்தச் சட்டம் கொடுக்கும் சாப்பாட்டு இடைவேளைக்குள் இதைத் திணிக்காதீர்கள். சாப்பாட்டு நேரம் அவர்களுடையது, அதைப் பிடுங்கி நடக்கச் சொன்னால் அது தண்டனையாகத்தான் தெரியும்.

மூன்று இருபது என்றால் 60 நிமிடம்தானே, 150 ஆகவில்லையே என்று கேட்பீர்கள். ஆகாது. ஆனால் ஒன்றுமே செய்யாத ஒருவர் 60 நிமிடம் செய்யத் தொடங்கும்போது கிடைக்கும் இலாபம், 240 செய்பவர் 300 ஆக்கும்போது கிடைப்பதைவிடப் பல மடங்கு. இது நன்றாக நிறுவப்பட்ட விசயம்.

எப்போது நடப்பது என்பதில்தான் எங்கள் ஊர் குறுக்கே வருகிறது. கொழும்புக் கம்பெனிகளின் திட்டங்களைப் பிரதி பண்ணி "மாலை 4 மணிக்குக் குழு நடை" என்று போட்டால், கச்சான் என்ற சுடுகாற்று அடிக்கிற ஆனி, ஆடியில் தார் ரோட்டில் ஒரு கிழமைகூட நிலைக்காது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் காலையில் வைக்க வேண்டும். எட்டரைக்கு வேலை என்றால் எட்டரையிலிருந்து எட்டு ஐம்பது வரை, கைவிரல் பதித்து வரவு வைத்த பிறகு. அப்போதுதான் அது வேலை நேரம். மாரியில் மழையும் சேறும், கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கே பொழுதுபட்டுவிடும். அந்த மாதங்களில் களஞ்சியக் கூரைக்குக் கீழேயே நடக்கலாம், இல்லாவிட்டால் உள்ளே தசைப்பயிற்சி. கந்தோர் நகருக்குள் இருந்தால் டச்சுக்குடாக் கடற்கரையோரமும், கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் பக்கம் ஏறும் பாதையும் கைக்கெட்டிய தூரம். அந்த ஏற்றம் கதைத்தபடி ஏறுகிறவர்களையும் வாய் மூட வைத்துவிடும், அதுவே நல்ல வேகம். கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு மட்டும் சாப்பாட்டுப் பொதியைக் காட்டாதீர்கள். தெருநாய்களை நினைத்துப் பயப்படுகிறவர்கள் ஒவ்வொரு கந்தோரிலும் இரண்டு பேராவது இருப்பார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். கூட்டமாகப் போனால் அந்தப் பிரச்சினை பாதி குறையும்.

முகாமையாளர் முதல் நாள் வந்து படம் எடுத்துவிட்டு மறுநாள் அறைக்குள் இருந்தால் மூன்றாம் கிழமை எல்லாம் முடிந்துவிடும். இது ஆய்வில் கண்டதல்ல, நான் கண்ணால் பார்த்தது. இந்த ஊரில் சில வேலைத்தலங்களுக்குப் பயிற்சி காட்டப் போயிருக்கிறேன். தலைமை ஆள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்த இடங்களில் மட்டும்தான் அது நிலைத்தது. அவர் வேகமாக நடக்கத் தேவையில்லை, வந்தால் போதும். எழும்பினால் திட்டு விழாது என்று மற்றவர்கள் அப்போதுதான் நம்புவார்கள்.

கதிரை விசயத்துக்கு வருகிறேன். நாள் முழுக்க இருப்பதால் வரும் கேட்டை, நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் வரை நடுத்தர வேகத்தில் அசைந்தால் பெரும்பாலும் ஈடுசெய்யலாம் என்று 10 லட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவை வைத்து 2016 இல் ஓர் ஆய்வு சொன்னது. நாளுக்கு 75 நிமிடம் உங்கள் ஆக்களுக்குக் கிடைக்காது. இடைக்கிடை எழும்புவதுதான் நடக்கக்கூடியது. சாப்பிட்டபிறகு இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி இரண்டு நிமிடம் நடந்தால் இரத்தத்தில் சுகர் ஏறுவது குறைகிறது என்பது அளந்து பார்த்த உண்மை. சோற்றுப் பொதி சாப்பிட்டுவிட்டு அப்படியே கணினிக்கு முன் இருப்பவர்களுக்கு இது பொன்னான விசயம். அது பத்து வருடத்துக்குப் பிறகு எத்தனை பேருக்குச் சலரோகத்தைத் தடுக்கும் என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஆனால் காசு செலவில்லாத, கேடு இல்லாத காரியத்துக்கு அவ்வளவு ஆதாரம் எனக்குப் போதும். பிரிண்டரை அறையின் மறுகோடிக்கு மாற்றுங்கள். தண்ணீர்ப் போத்தலை மேசைக்கு மேசை கொண்டுபோய் வைக்க வேண்டாம், ஓரிடத்தில் வையுங்கள். மூன்று மணித் தேத்தண்ணியை மேசைக்குக் கொண்டுவந்து கொடுப்பதை நிறுத்தி, ஆக்கள் போய்க் குடிக்கட்டும். நின்றபடி வேலை செய்யும் உயர மேசை வாங்கவா என்று சிலர் கேட்பதுண்டு. இருக்கும் நேரத்தை அவை குறைக்கும், ஆனால் இருப்பதைவிட நிற்பதற்கு மணித்தியாலத்துக்குப் பத்துக் கலோரிக்கும் குறைவாகவே கூடச் செலவாகிறது. உடம்பு நலன் பற்றிய ஆதாரமும் பலவீனம். அந்தக் காசை வேறெதற்காவது வையுங்கள்.

எதற்கு வைப்பது என்பது உங்கள் களஞ்சியத்தில் இருக்கிறது. கேள்வியில் அந்த ஆக்களை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். 50 கிலோ சீமெந்துப் பை தூக்கி லொறியில் ஏற்றும் ஒருவரை "நாளுக்கு 10,000 அடி" போட்டியில் சேர்ப்பது நியாயமா? அவர் அதை மத்தியானத்துக்கு முன்பே முடித்திருப்பார், உடம்புக்கு நன்மை கிடைத்ததா என்பது வேறு கதை. 2021 இல் கொப்பன்ஹேகனில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஓய்வு நேரத்தில் அதிகம் அசைந்தவர்களுக்கு இதயநோயும் மரணமும் குறைவு, வேலையில் அதிகம் பாரம் தூக்கி அசைந்தவர்களுக்குக் கூடுதல் என்று வந்தது. காரணம் பாரமா, அந்த வேலை செய்கிறவர்களின் வறுமை, புகைப்பழக்கம், தூக்கக்குறைவா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், எட்டு மணித்தியாலம் பாரம் தூக்கிய முதுகுக்கு மாலையில் வேண்டியது ஓட்டப்போட்டி அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், எல்லா வசதியும் இருக்கும் நிலையில்கூட ஒரு ஆள் தூக்க 23 கிலோவையே பரிந்துரைக்கிறது. உங்கள் பை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

நாரி பிடித்து என்னிடம் வரும் களஞ்சிய ஆக்களிடம் நான் முதலில் கேட்பது, பை தரையிலிருந்து எழும்புகிறதா, இடுப்பு உயரத்திலிருந்தா என்பதுதான். தரையிலிருந்து என்றால் எந்தப் பயிற்சி கொடுத்தும் ஆள் ஒரு மாதத்தில் திரும்பி வருவார். பைகளை முழங்காலுக்கு மேல் உயரமான பலகைத்தட்டில் அடுக்குங்கள். இரண்டு சக்கரக் கைவண்டி நாலு வாங்குங்கள். லொறிக்குச் சாய்வுப்பலகை போடுங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயிலில் ஏற்றி இறக்குவதைக் குறையுங்கள், நிழலும் குடிதண்ணீரும் கிட்ட இருக்கட்டும். ஊழியர் உடல்நலத்துக்கென்று முதலாளி ஒதுக்கிய காசில் பாதி இங்கே போனால் நான் சந்தோசப்படுவேன். டீசேர்ட் அடிப்பதைவிட இது பெரிய வேலை.

விளையாட்டைக் கைவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். விளையாட்டு ஆக்களைச் சேர்க்கும். மூன்று இனமும் சேர்ந்து வேலை செய்யும் எங்கள் ஊர்க் கந்தோர்களில் அது சின்ன விசயமல்ல. ஆனால் வருடத்தில் ஒருநாள் போட்டி என்பது உடம்புக்கு மிக மோசமான ஏற்பாடு. பதினொரு மாதம் கதிரையில் இருந்த 38 வயதுக் கெண்டைக்கால், ஓர் ஓட்டத்தைக் களவெடுக்கத் திடீரென்று வெடித்துக் கிளம்பும். கெண்டைக்கால் தசையைக் குதிக்காலோடு இணைக்கும் குதிக்கால் நாண் அறுந்த ஆக்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. உங்கள் ஊழியருக்கு நடந்தது அதுதானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அவரால் இன்னும் ஒற்றைக்காலில் நுனிவிரலில் எழும்ப முடியவில்லை என்றால் நாள் கடத்தாமல் எலும்பியல் கிளினிக்குக்கு அனுப்புங்கள். இந்த நாண் அறுந்திருந்தும் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டு திரிகிறவர்களை நான் காண்கிறேன்.

போட்டி வைப்பதென்றால் ஆறு கிழமைக்கு முன்பே கிழமைக்கு இரண்டு தரம் பழகத் தொடங்குங்கள். முதல் இரண்டு கிழமை வேக ஓட்டமே வேண்டாம். ஆடுமுன் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்லோட்டம், பக்கவாட்டு ஓட்டம், குந்தி எழும்பல், ஒற்றைக்காலில் நிற்றல். உதைபந்தாட்டக்காரர்களுக்காக வடிவமைத்த இப்படியான தயார்ப்படுத்தலை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கின்றன. நின்ற இடத்தில் காலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு, ஆனாலும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். வெப்பத்துக்கும் உடம்பு பழக ஒன்று, இரண்டு கிழமை பிடிக்கும்.

எந்த விளையாட்டு? கிரிக்கெட்டில் 22 பேரில் பாதிப்பேர் எந்த நேரமும் சும்மா நிற்கிறார்கள் அல்லது மரநிழலில் இருக்கிறார்கள், அசைவுக் கணக்கில் அது மட்டம். கரப்பந்தாட்டம் பரவாயில்லை. பூப்பந்து இன்னும் நல்லது. நாலு சுவருக்குள் ஆடலாம், வெயில் இல்லை, வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லை. ரோட்டோர மைதானத்தில் பெடியன்கள் மதிலில் இருந்து கூவிக்கொண்டிருக்க, சாரியோ அபாயாவோ போட்ட ஒரு பெண் ஓடுவாள் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. மூடிய இடம், பெண்களுக்கென்று ஒரு நேரம், உடை மாற்ற ஓர் அறை, இந்த மூன்றும் இருந்தால் வருவார்கள். வலைப்பந்து ஆடாத பெண்கள் எங்கள் பள்ளிக்கூடங்களில் குறைவு. கை மறந்திருக்காது. எனக்குப் பிடித்தது, கோட்டில் நின்று மறிப்பவர்களைத் தாண்டி ஓடும் கிளித்தட்டு. மணலில் கோடு கீறினால் போதும், சாமான் ஒன்றும் வேண்டாம், ஆணும் பெண்ணும் சேர்ந்தும் ஆடலாம், பம்பலுக்குக் குறைவில்லை. சட்டென்று நின்று திரும்பும் ஆட்டம் என்பதால் முழங்கால் நோவு உள்ளவர்கள் மட்டும் ஓட்டத்தில் சேராமல் கோட்டில் மறிக்கட்டும்.

நீங்கள் கேட்ட மற்ற இரண்டையும் விரைவாக முடிக்கிறேன். ஜிம்முக்குக் காசு கட்டினால் ஏற்கெனவே போகிறவரின் மாதக் கட்டணத்தை நீங்கள் கட்டுவீர்கள், அவ்வளவுதான். அடி எண்ணும் போட்டி முதல் மாதம் களைகட்டும். சிங்கப்பூரில் 13 நிறுவனங்களின் 800 ஊழியர்களிடம் அடி எண்ணும் கருவியும் சிலருக்குக் காசுப் பரிசும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016 இல் வந்தது. காசு கொடுத்த ஆறு மாதமும் நடந்தார்கள், நிறுத்தி ஆறு மாதத்தில் அந்தப் பலன் கரைந்துவிட்டது. 10,000 என்ற இலக்கும் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல, 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. வயதான பெண்களிடம் செய்த 2019 ஆம் ஆண்டு ஆய்வில் 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது, 7,500 அளவில் அது சமப்பட்டுவிட்டது. போட்டி வைத்தே ஆக வேண்டுமென்றால் ஆளுக்கு ஆள் வைக்காமல் குழுவாக வைத்து, அவரவர் போன மாதத்தைவிட எவ்வளவு கூட்டினார் என்று பாருங்கள். எடை குறைக்கும் போட்டி மட்டும் வேண்டாம். எல்லோருக்கும் முன்னால் தராசில் ஏற்றிய ஒருவர் அடுத்த நிகழ்ச்சிக்கு வரமாட்டார்.

தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டியவை சில. இதயநோயோ உயர் பிறஷரோ இருப்பதாக டொக்டர் சொல்லியிருக்கிறாரா, அசையும்போது நெஞ்சு நோகிறதா, தலைசுற்றி விழுந்ததுண்டா, அசைந்தால் மோசமாகும் மூட்டு அல்லது எலும்புப் பிரச்சினை உண்டா, ஏதாவது நோய்க்குத் தொடர்ந்து மருந்து எடுக்கிறாரா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் கிளினிக்கில் கேட்டுவிட்டு வரட்டும். அரச ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சுகர், பிறஷர் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஆக்களைப் பிரித்து அனுப்ப முடியுமா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பேசிப் பாருங்கள். பெறுபேறு அவரவர் கையிலேயே இருக்கட்டும், உங்கள் ஃபைலுக்கு வர வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைச் சுகர்க் குளிசை எடுப்பவர்களுக்கும் நடக்கும்போது சுகர் தாழ்ந்துபோகலாம். நடையை வழிநடத்துபவரின் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். சுகரால் கால் விறைத்தவர்கள் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. மத்தியான மணல் சுட்டுக் கொப்புளம் வந்ததே தெரியாமல் புண்ணோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாள் குறிக்கும்போது றமழானையும் கந்தசஷ்டி போன்ற விரதங்களையும் பாருங்கள். அந்த நாட்களில் நடை இருக்கட்டும், வருவது அவரவர் விருப்பம், வராதவரிடம் காரணம் கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமையைத் தொடாமல் திங்கள், செவ்வாய், வியாழன் என்று வைத்தால் பள்ளிக்கும் கோயிலுக்கும் போகிறவர்களுக்குக் கரைச்சல் இல்லை. இந்த மூன்றில் ஒரு நாளாவது நடைக்குப் பிறகு ஐந்து நிமிடம் தசைக்கு ஒதுக்குங்கள்: கையூன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருத்தல், சுவரில் கையூன்றித் தள்ளல், நுனிவிரலில் எழும்பி இறங்கல். நாற்பது தாண்டியவர்கள் கையூன்றாமல் எழும்பத் திணறுவதை முதல் நாளே காண்பீர்கள், சிரிப்பார்கள், இரண்டு மாதத்தில் எழும்பிவிடுவார்கள். கர்ப்பிணிகள் யாராவது இருந்தால் தாய்சேய்க் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மெல்ல நடக்கலாம், பெரும்பாலானோருக்குத் தடை இல்லை.